தேங்காய் எண்ணெய் உறையும் காலம்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் சிவாஜிநகர்க் கிளையின் வாயிலில், கதவு திறப்பதற்கு முன்பே ஓய்வூதியர்கள் கூடிவிடுவார்கள். வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. அவர்களில் பலர் தனியே வருவதில்லை. வீட்டில் விட்டுவர ஆளில்லாத பேரனோ பேத்தியோ கையைப் பிடித்துக்கொண்டு உடன் வந்திருக்கும்.

சென்ற நவம்பரில் ஒரு நாள், குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மையார் ஒருவர் நான்கு வயதுப் பேத்தியுடன் வந்தார். வரிசை நீளமாக இருந்தது. குழந்தை கண்ணாடிக் கதவின் அருகே சென்று, வாயை அகலத் திறந்து மூச்சை விட்டாள். கண்ணாடியில் வெண்மையான படலம் படர்ந்தது. அதில் விரலால் ‘அ’ எழுதினாள். எழுத்து மெல்ல மறைந்தது. மீண்டும் மூச்சை விட்டாள், மீண்டும் எழுதினாள். நான்காவது முறை எங்கள் காவலர் துணியோடு வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டார். அம்மையார் குழந்தையை அருகே இழுத்து உட்காரவைத்து, பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார். அதன்பின் அவர் முறை வரும்வரை அந்தக் குழந்தை தலை நிமிரவில்லை.

முகப்பில் கையொப்பமிடும்போது, நாங்கள் ஏதும் கேட்காமலே அவர் சொன்னார்: “போன் குடுத்தாத்தான் சார் சும்மா இருக்குது. மகனும் மருமகளும் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வர்றாங்க. இந்தக் குளிர்ல வெளியில விடவும் பயமா இருக்குது. அதுவரைக்கும் நான் என்னத்தக் காட்டுறது, சொல்லுங்க?”

சேமிப்பு, கடன், வட்டி ஆகியவற்றைக் குறித்த கேள்வி என்றால் உடனே விடை சொல்லியிருப்போம். இதற்கு எங்களிடம் விடை இல்லை. மதிய உணவின்போது அந்தப் பேச்சு தொடர்ந்தது. எங்களில் நால்வர் வீட்டில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகள் இருக்கின்றனர். அந்த வீடுகளிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையின்முன் அமர்ந்திருக்கலாகாது என்றும், அதிலும் குறைவாக இருப்பதே நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நெறிமுறை வெளியிட்டது. அதைப் படித்திருந்தோம், ஆயினும் கைப்பேசியைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால் அந்த இடத்தில் எதைக் கொடுப்பது என்பதுதான் எல்லோருக்கும் இருந்த சிக்கல்.

டிசம்பர், ஜனவரி ஆகிய இரண்டு மாதங்களும் எங்கள் வீடுகளில் சில விளையாட்டுகளைச் செய்து பார்த்தோம். அவற்றில் பல நன்றாக அமைந்தன, சில தோற்றன. இரண்டையும் இங்கே சொல்கிறோம்.

நம் ஊரின் பனி எது?

குளிர்காலம் என்றதும் நம் குழந்தைகள் படப் புத்தகங்களில் காண்பது வெண்பனியால் ஆன மனிதனையும், கூரையெல்லாம் வெள்ளையாகிப்போன வீட்டையும்தான். டிசம்பர் வந்தால் கமர்ஷியல் தெருவின் கடைகளிலும், கிறிஸ்து பிறப்புக் குடில்களின் கூரைகளிலும் பஞ்சும் தெர்மோகோலும் பனியாக மாறி நிற்கின்றன. கண்ணுக்கு அழகுதான். ஆயினும் பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ். அது பதிவானது 1884 ஜனவரி 13 அன்று. அதன் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருந்தும், தண்ணீர் தானாக உறையும் குளிரை இந்நகரம் கண்டதில்லை. உதகமண்டலத்தின் புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் உறைபனி படியும். நமக்கு அந்தப் பேறும் இல்லை.

ஆனால் தமிழில் ‘பனி’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் அந்த வெள்ளைப் பொடி அன்று. மார்கழியும் தையும் முன்பனிக்காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்று நம் முன்னோர் பகுத்தபோது அவர்கள் கண்டது, புல் நுனியில் நிற்கும் துளியையும் காலையில் கண்ணை மறைக்கும் மூடுபனியையும்தான். இந்தப் பனி சிவாஜிநகரிலும் உண்டு. விலையின்றிக் கிடைக்கிறது. குழந்தைக்குக் காட்டுவார்தாம் இல்லை.

சொல்லைப் பற்றிப் பேசுகையில் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பகுதியில் குழந்தை ஒரே தெருவில் தமிழ், கன்னடம், உருது மூன்றையும் கேட்டு வளர்கிறது. கன்னடத்தில் குளிருக்குப் பெயர் ‘சளி’. தமிழில் அதே ஒலி மூக்கில் ஒழுகுவதைக் குறிக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னடத்துப் பாட்டி “சளி, சளி” என்றபோது எங்கள் நண்பரின் ஐந்து வயது மகன் அவருக்கு மூக்குத் துடைக்கும் துணியைக் கொண்டுவந்து கொடுத்தானாம்.

குளியலறை அலமாரியில் ஓர் ஆய்வுக்கூடம்

எங்கள் அனுபவத்தில் இவ்வூருக்கு மிகப் பொருத்தமான குளிர்கால விளையாட்டுப் பொருள் தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஆண்டில் சில நாட்களே காணும் காட்சி. பெங்களூரிலோ டிசம்பரில் அன்றாட நிகழ்வு. இரவில் பாலைப்போல் வெளுத்துக் கெட்டியாகிறது. நண்பகலில் வெயில்படும் சன்னலில் வைத்தால் கண்ணாடியாகத் தெளிகிறது. பனிப்பிரதேசத்துக் குழந்தை ஏரி உறைவதையும் உருகுவதையும் காண்பதற்கு ஒப்பானது இது. நாம் இதைத் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் அவசரத்தில் ஒரு தொல்லையாக மட்டுமே பார்த்துவருகிறோம்.

வாயகன்ற பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் பாதியளவு தேங்காய் எண்ணெயும், அதேபோன்ற மற்றொன்றில் நல்லெண்ணெயும் ஊற்றி, இரண்டையும் இரவில் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள். காலையில் குழந்தையை அழைத்து இரண்டையும் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று ஓடும், ஒன்று அசையாது. ஒரே அலமாரி, ஒரே குளிர், ஆனால் இரண்டு விதமான நடத்தை. ஏன் என்று நாம் விளக்கத் தொடங்குவதற்கு முன் குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்கவேண்டும். எங்கள் வீடுகளில் கிடைத்த விடைகள்: “தேங்காய் எண்ணெய்க்கு ஸ்வெட்டர் இல்லை”, “அது இன்னும் தூங்குகிறது”, “நல்லெண்ணெய் சூடான எண்ணெய்”. மூன்றும் பிழையே. ஆயினும் மூன்றும் ஆராய்ந்து பார்க்கத்தக்க கருத்துகள். ஸ்வெட்டர் சுற்றி வைத்தால் உறையாமல் இருக்குமா? செய்து பார்த்தோம். சற்றுத் தாமதமாக உறைந்தது, அவ்வளவுதான்.

உறைந்த எண்ணெயைக் கரண்டியால் சிறிதளவு எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்வது அடுத்த விளையாட்டு. முதலில் குளுமை, பின் வழவழப்பு, பின் விரலிடுக்கில் ஒழுகும் எண்ணெய். கையின் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல். எண்ணெய்க்கு 24 போதும். அந்த எண்ணெயைக் கை கால்களில் பூசிவிட்டால் குளிர்காலத் தோல் வெடிப்புக்கும் ஆயிற்று. தரையில் சிந்தியதைத் துடைக்கும் வேலையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. வழுக்கும்; வயதானவர் இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டைத் தட்டின்மேல்தான் நடத்தவேண்டும்.

சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு இன்னொன்று. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்து அதில் பனிக்கட்டித் துண்டைப் போட்டால் மிதக்கும். மற்றொரு கிண்ணத்தில் உருகிய தேங்காய் எண்ணெயை வைத்து அதில் உறைந்த தேங்காய் எண்ணெய்க் கட்டியைப் போட்டால் அடியில் சென்று அமர்ந்துவிடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. ஆகவே பனிக்கட்டி அதே அளவு நீரைவிட எடை குறைந்தது. எண்ணெயோ உறையும்போது சுருங்குகிறது. உலகில் பெரும்பாலான பொருள்களின் வழக்கம் எண்ணெயின் வழக்கமே; தண்ணீர்தான் விதிவிலக்கு. வணிகவியல் படித்த எங்களில் பலருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் இது தெரியவந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. இதே காரணத்தால்தான் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் புட்டியை உறைபெட்டியில் வைக்கக்கூடாது. விரியும் பனி கண்ணாடியை உடைத்துவிடும்.

கை சொல்லும் பொய்

குளிர் காலையில் ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு சப்பாத்திக் கட்டை, ஒரு கம்பளிக் குல்லாய் ஆகிய மூன்றையும் இரவு முழுவதும் ஒரே மேசையில் வைத்திருந்து, குழந்தையின் கண்ணைக் கட்டித் தொடச்சொல்லுங்கள். எது மிகக் குளிர்ச்சி? தயக்கமின்றி டம்ளரைக் காட்டும். உண்மையில் மூன்றும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. உலோகம் நம் கையின் வெப்பத்தை விரைந்து உறிஞ்சிக்கொள்கிறது, மரம் மெதுவாக, கம்பளி அதனினும் மெதுவாக. நம் கை அளப்பது பொருளின் வெப்பநிலையை அன்று. கையிலிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதையே.

குழந்தைக்குத் தொடு உணர்வைப் பழக்கும் இத்தகைய பயிற்சியை முறையாக வகுத்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. மரம், இரும்பு, கம்பளம் போன்றவற்றால் ஆன தகடுகளையும், வெவ்வேறு வெப்பநிலையில் நீர் நிரப்பிய உலோகக் குப்பிகளையும் அவர் சிறுவர்க்கான கருவிகளாக ஆக்கியிருந்தார். 1939 இறுதியில் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலத்தில் ஊர் திரும்ப இயலாமல் தங்கிவிட்டார். 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்தது கொடைக்கானலின் குளிரில். அங்கே இலைகளையும் செடிகளையும் பூச்சிகளையும் குழந்தைகளோடு திரட்டிய அனுபவம் அவருடைய பிற்காலக் கல்விமுறையில் பெரும்பங்கு பெற்றது. இன்று அந்தப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் வாங்கும் கட்டணத்தைப் பார்க்கையில், அதன் அடிப்படை டம்ளரும் கட்டையும்தான் என்பது மறந்துபோகிறது. கல்விக்கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

இதைவிட வியப்பூட்டுவது மூன்று கிண்ண விளையாட்டு. ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், நடுவில் சாதாரணக் குழாய் நீர். குழந்தை ஒரு கையைக் குளிர்நீரிலும் மறுகையை வெந்நீரிலும் அரை நிமிடம் வைத்திருந்து, பின் இரண்டையும் நடுக்கிண்ணத்தில் வைக்கட்டும். ஒரே நீர் ஒரு கைக்குச் சுடும், மறுகைக்குக் குளிரும். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் இதையே எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறார். எங்கள் உதவி மேலாளரின் மகள் இதைச் செய்துவிட்டு, நெடுநேரம் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். “எந்தக் கை பொய் சொல்லுதுப்பா?” என்பது அவள் கேள்வி. வெந்நீர் என்று இங்கே சொல்வது பெரியவரின் முழங்கை தாங்கும் சூடு மட்டுமே. அதற்குமேல் கூடாது.

பனி பெய்கிறதா?

‘பனி பெய்கிறது’ என்றே நாம் சொல்கிறோம். மழையைப்போல மேலிருந்து விழுவதாகவே மக்கள் நெடுங்காலம் எண்ணினர். அப்படியன்று, இரவில் வானை நோக்கித் தன் வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோகும் புல்லின்மீது காற்றிலுள்ள நீராவி படிவதே பனித்துளி என்பதை விரிவான சோதனைகளால் காட்டியவர் லண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1814-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் பயன்படுத்திய கருவியோ எளியது: எடை பார்த்த சிறு கம்பளித் துணுக்குகள். அவற்றைத் திறந்த வெளியிலும் பலகைக்கு அடியிலும் இரவில் வைத்து, காலையில் மீண்டும் எடை பார்த்தார். திறந்த வானத்தின்கீழ் இருந்தவை மிகுதியாக நனைந்திருந்தன.

இதை மொட்டைமாடியில் பஞ்சுருண்டைகளைக் கொண்டு செய்து பார்க்கலாம். ஒன்றைத் தட்டில் திறந்தபடியும், ஒன்றை நாற்காலியின் அடியிலும் வைக்கவேண்டும். முதல் முறை நாங்கள் தோற்றோம். நால்வர் வீட்டிலும் பஞ்சு காய்ந்தே கிடந்தது. குழந்தைகள் விடியற்காலையில் எழுந்து ஏமாந்தனர். அன்று இரவு வானம் மேகமூட்டமாக இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். மேகம் போர்வையைப்போல நிலத்தின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பனி படிவதில்லை. விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்த மற்றோர் இரவில் மீண்டும் வைத்தோம். திறந்த தட்டிலிருந்த பஞ்சு தொட்டாலே ஈரமாக இருந்தது. அந்த வீடுகளில் அதன்பின் சில நாட்கள், படுக்கப்போகுமுன் மாடிக்குச் சென்று விண்மீன் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டாயிற்று. தோல்வி இல்லாதிருந்தால் அது நடந்திராது.

மாடி இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. எவர்சில்வர் டம்ளரில் மஞ்சள் கரைத்த நீரை ஊற்றிப் பனிக்கட்டிகளைப் போட்டால், சில நிமிடங்களில் வெளிப்புறம் வியர்க்கும். டம்ளர் ஒழுகுகிறது என்று குழந்தை சொல்லும். வெள்ளைத் துணியால் வெளியே துடைத்துக் காட்டுங்கள். துணியில் மஞ்சள் இல்லை. அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கள் வாயில் கண்ணாடியில் அந்தக் குழந்தை உண்டாக்கிய படலமும் இதுவே. அவளுடைய மூச்சின் நீராவி குளிர்ந்த கண்ணாடியில் துளிகளாயிற்று. நாங்கள் அதைத் துடைத்துவிட்டோம்.

ரஸ்ஸல் மார்க்கெட் பனிக்கட்டி

1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட் நம் பகுதியின் அடையாளம். அங்கே மீன் விற்கும் பக்கத்தில் பனிக்கட்டியின்மேல் மீன்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் குழந்தையுடன் நின்று பார்க்கலாம். பனிக்கட்டி ஏன் விரைவில் உருகிவிடவில்லை, எதனால் மூடியிருக்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து, ஒரே அளவான இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை எடுத்து, ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றியும் மற்றொன்றைத் திறந்த கிண்ணத்திலும் வைக்கவேண்டும். எது முதலில் உருகும்? “கம்பளி சூடு, அதனால் அதற்குள் இருப்பதுதான்” என்று எல்லாக் குழந்தைகளும் சொன்னார்கள். பெரியவர்களில் சிலரும் அப்படியே சொன்னார்கள். அரை மணி கழித்துத் திறந்து பார்த்தபோது கம்பளிக்குள் இருந்ததே பெரிதாக எஞ்சியிருந்தது. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. வெப்பம் கடந்து செல்வதைத் தடுக்கிறது. நம் உடலின் சூடு வெளியே போகாமல் காப்பதும், வெளிச்சூடு பனிக்கட்டியை அணுகாமல் காப்பதும் ஒரே வேலைதான்.

இந்த ஓர் உண்மையை வைத்து வணிகம் நடத்தியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர். குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்தெடுத்து, மரத்தூள் போன்றவற்றால் பொதிந்து, கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதற்கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டி இருந்தது; நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் 100 டன் அளவுக்கு உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் குடும்பங்கள் கடற்கரையோடு இதையும் குழந்தைக்குக் காட்டலாம். ஒரு பெரிய சாக்குப்பையில் மரத்தூள், அதற்குள் வேறு நாட்டு ஏரி என்று கதையாகச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கு விளங்குகிறது.

பனிக்கட்டியின்மேல் உப்பைத் தூவி நூலை ஒட்டவைத்துத் தூக்கும் விளையாட்டையும் செய்தோம். நன்றாகவே வந்தது. ஆனால் உப்பும் பனியும் சேர்ந்த கலவை சுழியத்துக்கு வெகுகீழே, 20 டிகிரி வரைகூடக் குளிரவல்லது. குல்ஃபி உறையவைக்கும் பழைய முறை இதுதான். வெறும் தோலில் இது பட்டால் தீப்புண்போலக் காயம் உண்டாகும். ஆகவே சிறு குழந்தைகளுக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

பிதுக்குப் பருப்பு

இவ்வளவு சொல்லியும், பெங்களூரின் குளிர்காலத்துக்கே உரிய மிகப் பழைய தொடு விளையாட்டை இன்னும் சொல்லவில்லை. அது அவரைக்காய்.

டிசம்பரில் தொடங்கிப் பொங்கல் தாண்டும்வரை இவ்வூர்ச் சந்தைகளெங்கும் ‘அவரேகாய்’ குவிந்துகிடக்கும். தமிழ்நாட்டில் மொச்சை என்கிறோம். காயின் தோலைத் தேய்த்தால் விரலில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் மணமும் உண்டு. அந்த மணத்துக்குக் கன்னடத்தில் ‘சொகடு’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். பனி விழுந்த காயில்தான் சொகடு மிகுதி என்பது இங்குள்ள இல்லத்தரசிகளின் துணிபு. காயை வாங்குமுன் முகர்ந்து பார்ப்பதைக் கடைத்தெருவில் காணலாம். குழந்தைக்கும் ஒரு காயைக் கொடுத்து முகரச் சொல்லுங்கள்.

உரித்த பயறுகளை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் காலையில் தோல் தளர்ந்திருக்கும். இரு விரலால் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே துள்ளும். இதுவே பிதுக்குப் பருப்பு. கன்னடத்தில் இதன் பெயர் ‘ஹிதுகித’ பருப்பு என்ற பொருளில் வழங்குகிறது. தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆவதுபோல நம் ‘பிதுக்கு’ அங்கே ‘ஹிதுகு’ ஆயிற்று.

முன்பெல்லாம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் வெயிலில் வட்டமாக அமர்ந்து மணிக்கணக்கில் பிதுக்குவார்கள். இப்போது பிதுக்கிய பருப்பே பொட்டலமாகக் கிடைக்கிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து அளவாக அழுத்தும் பழக்கம் இதில் வருவதுபோல வேறெதிலும் வருவதை நாங்கள் காணவில்லை. மிகுதியாக அழுத்தினால் பருப்பு நசுங்கும், குறைந்தால் வெளிவராது. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது? எங்கள் வீடுகளில் கைப்பேசியை முழுமையாக மறக்கச்செய்த விளையாட்டு எது என்று கேட்டால், நால்வரும் இதைத்தான் சொல்வோம். பருப்பு யார் முகத்தில் தெறிக்கிறது என்பதில்தான் பாதி மகிழ்ச்சி. தோல் ஒரு கிண்ணம், பருப்பு ஒரு கிண்ணம், நீர் ஒரு கிண்ணம் என்று பிரித்து வைத்தால் எண்ணவும் வகைப்படுத்தவும் குழந்தை தானே தொடங்கிவிடுகிறது. மாலையில் அதே பருப்பு குழம்பாகத் தட்டுக்கு வரும்போது, “இது நான் பண்ணினது” என்று ஒரு கரண்டி கூடுதலாக உண்பதும் நடந்தது. பயற்றைப் பச்சையாக உண்ண விடக்கூடாது. நன்றாக வேகவைத்தே கொடுக்கவேண்டும்.

மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கென 2022 அக்டோபரில் வெளியான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும் விளையாட்டின் வழியாகக் கற்பதையே மையமாகக் கொண்டிருக்கிறது. அதற்கு நூறு பக்க விளக்கம் வேண்டாம். ஒரு கிண்ணம் மொச்சை போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கவனம் வேண்டிய இடங்கள்

எங்கள் சகப்பணியாளர் ஒருவர் வீட்டில், செயற்கைப் பனிக்கென வாங்கிய தெர்மோகோல் மணி ஒன்றை மூன்று வயதுக் குழந்தை மூக்கில் செருகிக்கொண்டது. இரவு பதினொரு மணிக்கு மருத்துவரிடம் ஓடவேண்டியதாயிற்று. நல்லவேளை, எளிதில் எடுத்துவிட்டார்கள். அந்த மணிகள் கண்ணுக்கு இலேசானவை. மூச்சுக்குழாயில் போனால் பேராபத்து. மொச்சைப் பயறும் மூக்கிலும் காதிலும் போகக்கூடியதே. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையிடம் எந்தப் பயறையும் தனியே விடக்கூடாது. சங்கராந்தியன்று அண்டை வீட்டார் அன்போடு தரும் எள், வெல்லக் கலவையில் முழு நிலக்கடலையும் கொப்பரைத் துண்டும் இருக்கும். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை இடித்துப் பொடியாக்கித்தான் கொடுக்கவேண்டும்.

இன்னொன்று பலர் அறியாதது. குளிருக்கென்று பெட்டியிலிருந்து எடுக்கும் கம்பளி ஆடைகளோடு அந்துருண்டையும் வெளியே வரும். வெள்ளை வெளேரென்று மிட்டாய்போல இருக்கும் அதைக் குழந்தை வாயிலிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள நொதிக் குறைபாட்டால் அதன் ஆவியும், ஆடையில் ஏறிய வாடையுமேகூடத் தீங்கு செய்யும். துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்திய பின்னரே கம்பளியைக் குழந்தைக்கு அணிவிக்கவேண்டும். விளையாட்டுக்கும் அந்தத் துணியையே எடுக்கவேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையை விடியற்காலைப் பனியில் மாடிக்கு அழைத்துச் செல்லவேண்டாம். பஞ்சை நாமே எடுத்துவந்து காட்டலாம்.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் விளையாட்டு காற்று உலர்ந்திருக்கும் ஜனவரியில் நன்றாக வரும் என்று சொல்லக் கேட்டு அதையும் முயன்றோம். ஒரு துணுக்கும் அசையவில்லை. குழந்தைகளின் தலையில்தான் அத்தனை தேங்காய் எண்ணெய் இருந்ததே!

டிசம்பர் முதல் வாரத்தில் அந்த அம்மையார் கணக்கிலிருந்து பணம் எடுக்க வந்தபோது, எண்ணெய்ப் புட்டியையும் மொச்சையையும் பற்றிச் சொன்னோம். “இதெல்லாம் எங்க வீட்டுலயே இருக்குதே சார்” என்று சிரித்துவிட்டுப் போனார். செய்தாரா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

மார்ச் கடைசி வாரத்தில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் நாங்கள் இருந்தபோது, கணக்குப் புத்தகத்தில் பதிவிட வந்தார். பேத்தியும் உடன் வந்திருந்தாள். நேரே கண்ணாடிக் கதவுக்குச் சென்று, வெயில் விழுந்துகொண்டிருந்த கண்ணாடியில் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். படலம் நிற்கவில்லை, விரலை வைப்பதற்குள் மறைந்துபோயிற்று. மீண்டும் முயன்றாள். பிறகு கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, “ஆயா, கதவு உருகிப்போச்சு” என்றாள். எங்கள் காசாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அம்மையார் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, “அப்படியா? வேற எந்தக் கதவாவது உருகாம இருக்குதா, பாரு” என்றார். குழந்தை நிழலில் இருந்த பணம் எடுக்கும் இயந்திர அறையின் கதவை நோக்கி நடந்தாள். காவலர் ஒதுங்கி வழிவிட்டார்.